தெளிவுபடுத்துவதா, மாற்றிச் சொல்வதா? ‘கிளாரிஃபை’ என்ற ஆங்கில வினைச்சொல்

அலுவலகக் கடிதம், அரசாணை, நீதிமன்றத் தீர்ப்பு, பத்திரிகைச் செய்தி, வகுப்பறை என ஆங்கிலம் புழங்கும் இடமெல்லாம் ‘கிளாரிஃபை’ என்ற வினைச்சொல் புழங்குகிறது. பள்ளியிலேயே பழகிப்போன சொல் என்பதால் அகராதியைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ‘தெளிவுபடுத்து’ என்று பொருள் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர் மூன்று நிபந்தனைகளுக்குக் கட்டுப்படுகிறார். ஏற்கெனவே சொல்லப்பட்ட அல்லது எழுதப்பட்ட ஒன்று இருக்க வேண்டும். அது படித்தவருக்கோ கேட்டவருக்கோ சரியாகப் பிடிபடாமல் போயிருக்க வேண்டும். இப்போது சொல்லப்போவது அந்தப் பழைய பேச்சின் பொருளை மாற்றக் கூடாது. முதல் இரண்டை யாரும் மீறுவதில்லை. மூன்றாவதை மீறும்போது ஒருவர் தன் நிலையை மாற்றிக்கொண்டதைக்கூட மாறவே இல்லை என்பதுபோலக் காட்டிவிட முடியும். இந்தியாவில் ஒரு வரிச் சட்டத்திலேயே அது நடந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

லத்தீன் மொழியில் ‘கிளாரஸ்’ என்றால் ஒளிமிக்க, துலக்கமான, பேர்பெற்ற என்றெல்லாம் பொருள். அதோடு ‘செய்’ என்ற பொருள் தரும் வினை சேர்ந்து ‘கிளாரிஃபிகாரே’ பிறந்தது. பிற்கால லத்தீனில் அதற்கு ஒருவரைப் புகழ்பெறச் செய்தல், மகிமைப்படுத்துதல் என்பதே பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல், அந்த மகிமைப் பொருளையும் கொஞ்ச காலம் சுமந்து திரிந்து, பிறகு இறக்கி வைத்துவிட்டது. திரவத்தின் கலங்கலை நீக்குவது என்ற பொருள் நிலைத்தது. பேச்சின் கலங்கலை நீக்குவது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ‘கிளியர்’, அறிவிப்பதைக் குறிக்கும் ‘டிக்ளேர்’, ‘கிளாரினெட்’ என்ற இசைக்கருவி எல்லாம் அதே வேரின் கிளைகள்.

திரவப் பொருள் இன்றும் சமையலறையில் உயிரோடு இருக்கிறது. ‘கிளாரிஃபைடு பட்டர்’ என்று ஐரோப்பியச் சமையலில் சொல்வது, வெண்ணெயை இளஞ்சூட்டில் உருக்கி, மேலே திரளும் நுரையை வழித்து, அடியில் படியும் பால் திப்பியை விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் பொன்னிறக் கொழுப்பை மட்டும் இறுத்து எடுப்பது. நம் நெய் அதைவிட ஒரு படி மேலே போகிறது. திப்பி சிவந்து கசண்டாகி மணம் வரும்வரை காய்ச்சுகிறோம். ஆகவே நெய்யை அந்தப் பெயரால் அழைப்பது முக்கால்வாசிதான் சரி.

சொல்லின் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது சர்க்கரைப் பாகு. சர்க்கரையும் தண்ணீரும் கொதித்து வரும்போது பாகு லேசாகக் கருத்துக் கலங்கலாக இருக்கும். அதில் ஒரு கரண்டி பாலை விடுவார்கள். பால் திரிந்து, பாகில் இருக்கும் அழுக்கையெல்லாம் தன்னோடு சேர்த்துக்கொண்டு சாம்பல் நிற நுரையாக ஓரத்தில் ஒதுங்கும். கரண்டியால் வழித்து எடுத்துவிட்டால் அடியில் பாத்திரம் தெரியும் அளவுக்குப் பாகு தெளிந்துவிடும். இனிப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை; இருந்த பாகுதான், இப்போது உள்ளே பார்க்க முடிகிறது. ‘கிளாரிஃபை’ என்ற வினை பேச்சுக்கு வரும்போதும் இதே வேலையைத்தான் செய்ய வேண்டும். புதிதாக எதையும் கரைக்கக் கூடாது.

தமிழில் ‘தெளி’ என்ற வினையும் தண்ணீரையும் மனத்தையும் ஒரே மூச்சில் சொல்லும். கலங்கிய நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் தேய்க்கும் வழக்கம் பழமையானது. கலித்தொகையிலேயே அது உவமையாக வந்துவிட்டது. ஆனால் இரு மொழிகளும் பிரியும் இடம் ஒன்று உண்டு. தமிழில் தெளிகிறவர் மனிதர். ‘கேட்டுத் தெளிந்தான்’ என்கிறோம், ‘ஆசிரியர் மாணவனைத் தெளிவித்தார்’ என்கிறோம். ஆங்கிலத்தில் தெளிவு பெறுவது மனிதர் அல்ல, விஷயம். அந்த வினையின் செயப்படுபொருளாக ஒரு கருத்து, ஒரு விதி, ஒரு நிலைப்பாடு, ஒரு சூழ்நிலை வரலாம். ஆள் வர முடியாது. நம்மவர்கள் ‘பிளீஸ் கிளாரிஃபை மீ’ என்று எழுதுவது ஏன் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ‘என்னைத் தெளிவியுங்கள்’ என்று தமிழ் மனம் நினைக்கிறது. கை ஆங்கிலத்தில் எழுதுகிறது. ஆங்கிலேயர் காதுக்கு அது, தன்னைக் காய்ச்சி வடிகட்டச் சொல்வதுபோல விழும்.

இன்னொரு பிழை ‘கிளாரிஃபை அபவுட்’. ‘இதைப் பற்றித் தெளிவுபடுத்துங்கள்’ என்பதில் உள்ள ‘பற்றி’ அப்படியே ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. அதோடு பெயர்ச்சொல்லும் சேர்ந்து குழப்புகிறது. ‘கிளாரிஃபிகேஷன்’ என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ‘அபவுட்’ வரலாம், ‘ஆன்’ வரலாம். வினைக்குப் பின்னால் அப்படி எந்த இணைப்புச் சொல்லும் வரக் கூடாது. நேராகச் செயப்படுபொருளுக்குப் போய்விட வேண்டும். ‘டிஸ்கஷன் அபவுட்’ சரி, ‘டிஸ்கஸ் அபவுட்’ தவறு என்பதும் இதே கதைதான். யாருக்குத் தெளிவுபடுத்துவது என்று சொல்ல வேண்டுமானால் விஷயத்தை முதலில் வைத்து, அதன் பிறகு ‘டு’ அல்லது ‘ஃபார்’ சேர்த்து ஆளைச் சொல்ல வேண்டும். வினைக்குப் பின்னால் ‘வெதர்’, ‘வாட்’, ‘ஹவ்’ போன்ற சொற்களால் தொடங்கும் துணைவாக்கியமும் இயல்பாக வரும். இந்த அமைப்பைத்தான் நான் பெரிதும் பரிந்துரைப்பேன். ‘இந்த விதியைத் தெளிவுபடுத்தவும்’ என்று பொதுவாகக் கேட்டால் அதே விதியை நகல் எடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். ‘ஓய்வுபெற்றவர்களுக்கும் இந்த விதி பொருந்துமா என்பதைத் தெளிவுபடுத்தவும்’ என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும்.

இதன் உறவுச் சொற்களோடு எல்லை பிரிக்க ஓர் உதாரணம் போதும். ஓர் அலுவலகச் சுற்றறிக்கையில் ‘விண்ணப்பங்களை 15ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15ஆம் தேதியும் சேர்ந்தா, அன்று தபாலில் போட்டால் போதுமா, அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டுமா என்ற கேள்விகள் எழும். அவற்றுக்குப் பதில் சொல்வது ‘கிளாரிஃபை’. ஏன் 15ஆம் தேதி என்று காரணம் சொல்வதும், எப்படி விண்ணப்பிப்பது என்று கற்றுக்கொடுப்பதும் ‘எக்ஸ்பிளெய்ன்’; அது லத்தீனில் மேடு பள்ளத்தைச் சமனாக்குவது என்ற பொருளில் பிறந்தது. எந்தப் படிவம், எந்த அளவுப் புகைப்படம் என்று குறித்துச் சொல்வது ‘ஸ்பெசிஃபை’. விவரங்களை இன்னும் விரித்துக்கொண்டே போவது ‘எலாபரேட்’. ‘எலூசிடேட்’ என்பதில் ஒளி என்ற பொருள் இருக்கிறது. சிக்கலான கருத்தை விளங்க வைக்கும்போது வரும் கனமான சொல் அது. மத்தியத் தேர்வாணையத்தின் முதன்மைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும், கேள்வியின் கடைசியில் தனியாக நின்று மிரட்டும். இனி அதே அலுவலகம் இரண்டு நாள் கழித்து, ‘15 என்றது 10ஐத்தான்’ என்று அறிவித்தால் அதற்கு என்ன பெயர்? திருத்தம், மாற்றம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ‘கிளாரிஃபை’ மட்டும் இல்லை. ஆனால் வரும் சுற்றறிக்கையில் அந்தச் சொல்தான் இருக்கும்.

‘கிளாரிஃபை மை டவுட்’ பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழில் ‘சந்தேகம்’ இரண்டு வேலை பார்க்கிறது. தெரியாததைக் கேட்பதும் சந்தேகம், நம்பாமல் இருப்பதும் சந்தேகம். ‘யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?’ என்று ஆசிரியர் கேட்டால் வகுப்பில் கை உயர்கிறது. யாரும் ஆசிரியரை நம்பவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. இந்திய ஆங்கிலம் ‘டவுட்’ என்ற சொல்லுக்கும் இந்த இரட்டை வேலையைக் கொடுத்துவிட்டது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்தச் சொல்லுக்கு அவநம்பிக்கைதான் முதற்பொருள். உங்கள் கணக்கில் எனக்கு ஒரு ‘டவுட்’ என்று லண்டன் அலுவலகத்துக்கு எழுதினால், கணக்கு பொய் என்கிறீர்களா என்று எதிர்முனையில் முகம் சுளிப்பார்கள். ‘கொஸ்டின்’ என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. நாட்டுக்குள் நமக்குள்ளே பேசும்போது ‘டவுட்’ என்பதைப் பிழை என்று தள்ள நான் தயாராக இல்லை. எல்லோருக்கும் ஒரே பொருளில் புரிகிற சொல் பிழையான சொல் ஆகாது.

நம் அரசு அலுவலகங்களில் இந்தச் சொல் இன்னும் சுவையான இடத்தில் இருக்கிறது. அங்கே ‘எக்ஸ்பிளனேஷன்’ என்றால் வெறும் விளக்கம் இல்லை. மேலதிகாரி உங்களிடம் ‘எக்ஸ்பிளனேஷன்’ கேட்டிருக்கிறார் என்றால் நீங்கள் ஏதோ தவறு செய்ததாக நினைக்கிறார் என்று பொருள். அதன் பின்னால் மெமோ வரும், முற்றினால் தமிழ்நாடு குடிமைப் பணி ஒழுங்கு விதிகளின் 17(அ), 17(ஆ) பிரிவுகளில் ஒழுங்கு நடவடிக்கை வரும். தமிழிலும் அதே நிலைதான். ‘விளக்கம் கேட்டு நோட்டீஸ்’ என்று செய்தித்தாளில் படித்தால் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்கிறோம். குற்றச்சாட்டின் நெடி இல்லாமல் ஒன்றைக் கேட்க வேண்டும் என்றால் ‘கிளாரிஃபிகேஷன்’ என்ற சொல்லுக்குப் போக வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக் கோப்புகளில் அதற்கு ‘தெளிவுரை’ என்று பெயர். ‘தெளிவுரை வழங்கக் கோருதல்’ என்று பொருள் குறிப்பிட்டு மாவட்ட அலுவலகம் இயக்குநரகத்துக்கு எழுதும். இயக்குநரகம் அரசுக்கு எழுதும். இலக்கிய உலகில் செய்யுளுக்கு எளிய உரை என்ற பொருளில் இருந்த சொல், அரசாணைக்கு எளிய உரை என்ற வேலைக்கும் வந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த ஆட்சிச் சொற்களில் அது ஒன்று. உரையாசிரியருக்கு மூலத்தை மாற்றும் உரிமை கிடையாது என்ற மரபையும் அது தன்னோடு எடுத்து வருகிறது.

நாடாளுமன்றத்திலும் இந்தச் சொல்லுக்கு ஓர் இடம் உண்டு. பொது முக்கியத்துவம் உள்ள விஷயத்தில் அமைச்சர் அறிக்கை வாசித்தால் அந்த நேரத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்று மக்களவையின் 372ஆம் விதி சொல்கிறது. மாநிலங்களவையிலோ அறிக்கை முடிந்ததும் உறுப்பினர்கள் எழுந்து ‘கிளாரிஃபிகேஷன்’ கேட்கும் மரபு இருக்கிறது.

இப்போது வரிச் சட்டத்துக்கு வருவோம். 2007இல் வோடஃபோன் நிறுவனத்தின் நெதர்லாந்துக் கிளை, ஹட்சிசன் குழுமத்திடமிருந்து கேமன் தீவுகளில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கியது. விலை சுமார் 1,100 கோடி டாலர். அந்தத் தீவு நிறுவனத்தின் வழியாக, இந்தியாவில் இயங்கிய ஹட்சிசன் எஸ்ஸார் தொலைபேசி நிறுவனத்தின் பெரும்பங்கு கைமாறியது. விற்றவர் வெளிநாட்டவர், வாங்கியவர் வெளிநாட்டவர், விற்கப்பட்ட பங்கும் வெளிநாட்டில் இருக்கிறது. ஆனால் அதன் மதிப்பெல்லாம் இந்தியாவில் இருந்து வருகிறது. விற்றவருக்குக் கிடைத்த லாபத்தில் வரியைப் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும் என்று இந்திய வருமான வரித் துறை வோடஃபோனிடம் 11,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 ஜனவரி 20 அன்று தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையிலான அமர்வு, அன்றைய சட்டப்படி இந்த வரியைக் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

இரண்டே மாதத்தில், மார்ச் 16 அன்று, நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்தார். அதோடு வந்த நிதி மசோதா, வருமான வரிச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் புதிய விளக்கங்களைச் சேர்த்தது. அவை தொடங்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும்: ஐயங்களை நீக்கும்பொருட்டு இதன்மூலம் தெளிவுபடுத்தப்படுகிறது. ஆங்கில மூலத்தில் இருக்கும் வினை, நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே வினைதான். வெளிநாட்டில் பதிவான நிறுவனத்தின் பங்கு, அதன் மதிப்பு கணிசமாக இந்தியச் சொத்துகளிலிருந்து வருமானால், இந்தியாவில் இருப்பதாகக் கருதப்படும். எப்போதும் அப்படி இருந்துவந்ததாகவும் கருதப்படும் என்று அது சொன்னது. நடைமுறைக்கு வந்த நாள் 1962 ஏப்ரல் 1. அதாவது அந்தச் சட்டமே அமலுக்கு வந்த நாள். ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போய் நிற்கும் வரி.

இங்கே அந்த வினைச்சொல் ஏன் தேவைப்பட்டது என்பதுதான் விஷயம். புதிய வரி விதிக்கிறோம் என்று சொன்னால், அது இனி நடக்கும் பரிமாற்றங்களுக்கு என்றுதான் நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும். பழைய சட்டத்தில் இருந்த பொருளையே துலக்கிச் சொல்கிறோம் என்றால், பழைய பரிமாற்றத்துக்கும் பொருந்துவதில் தடை இல்லை. சட்டம் மாறவில்லையே, தெளிந்திருக்கிறது, அவ்வளவுதானே. சட்டத்தின் நோக்கம் தொடக்கத்திலிருந்தே இதுதான் என்பது அரசின் வாதம். அதை முழுக்க ஒதுக்கிவிட முடியாது. இந்தியச் சந்தாதாரர்களால் மதிப்புப் பெற்ற ஒரு நிறுவனம் தீவு ஒன்றின் முகவரியால் வரியிலிருந்து தப்புவது நியாயமா என்ற கேள்வி உண்மையான கேள்வி. ஆனால் உச்ச நீதிமன்றம் படித்துப் பார்த்து ‘இந்தச் சட்டத்தில் இது இல்லை’ என்று சொன்ன பிறகு, ‘இருந்தது, தெளிவாக இல்லை’ என்று சொல்வது பாகில் இருந்த அழுக்கை எடுப்பது ஆகாது. புதுச் சர்க்கரை போடுவதுதான். அதே ஆண்டில் பார்த்தசாரதி ஷோம் தலைமையில் அரசே அமைத்த குழுவும் இந்தத் திருத்தங்கள் தெளிவுபடுத்தும் தன்மையுடையவை அல்ல, வரித் தளத்தை விரிவாக்குபவை என்று எழுதியது.

பிறகு நடந்தது நீண்ட கதை. 2020 செப்டம்பரில் சர்வதேச நடுவர் தீர்ப்பாயம் வோடஃபோனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. டிசம்பரில், இதே திருத்தத்தின்படி வரி கேட்கப்பட்ட பிரிட்டனின் கெய்ர்ன் எண்ணெய் நிறுவனத்தின் வழக்கில் சுமார் 120 கோடி டாலரை இந்தியா தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 2012 மே 28க்கு முந்தைய பரிமாற்றங்களுக்கு அந்த வரி இல்லை என்று ஆக்கியது. ஒரு வினைச்சொல்லின் மேல் கட்டிய வரி ஒன்பது ஆண்டுகள் நின்றது.

கேரளத்தின் ஸ்ரீ சங்கராசார்யா சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகம் தொடர்பான ஒரு பணி வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைச் சிறிய அளவில் எதிர்கொண்டது. சம்பள உயர்வு குறித்த ஓர் ஆணையைப் பின்னால் வந்த ஆணை ‘தெளிவுபடுத்தியது’. அதனால் ஆசிரியருக்குக் கிடைக்க வேண்டியது கைநழுவியது. ஒரு திருத்தத்தின் தலையில் தெளிவுரை என்று எழுதியிருப்பதாலேயே அது தெளிவுரை ஆகிவிடாது, உள்ளே என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. மூலத்தில் இருந்த தெளிவின்மையை அது நீக்குகிறதா, இல்லாத ஒன்றைப் புகுத்துகிறதா? ஒரு மொழி ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வியை நீதிபதிகள் கேட்டிருக்கிறார்கள்.

பத்திரிகைகள் இதில் ஒரு நல்ல வழக்கத்தை வளர்த்திருக்கின்றன. பிரிட்டனின் ‘கார்டியன்’ 1997இல் வாசகர்களுக்கென ஓர் ஆசிரியரை நியமித்து, திருத்தங்களும் தெளிவுபடுத்தல்களும் என்ற தலைப்பில் நாள்தோறும் ஒரு பத்தி வெளியிடத் தொடங்கியது. சென்னையின் ‘தி இந்து’ 2006இல் அதே வழியில் போனது. தலைப்பிலேயே இரண்டு சொற்கள் தனித்தனியாக இருக்கின்றன. பெயரோ தேதியோ தொகையோ தவறாக அச்சாகியிருந்தால் அது திருத்தம். அச்சானது உண்மைதான், ஆனால் வாசகர் வேறு பொருள் கொள்ள இடம் கொடுத்துவிட்டது என்றால் தெளிவுபடுத்தல். தவறு செய்துவிட்டு இரண்டாவது சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அந்தப் பிரிவு இடம் தருவதில்லை.

செய்தி எழுதும்போது அதே கண்டிப்பு தேவைப்படும் இடம் இன்னொன்று உண்டு. செய்தி முகமை அனுப்பும் ஆங்கிலச் செய்தியில் அமைச்சரோ நிறுவனமோ ‘கிளாரிஃபைடு’ என்று வரும். தமிழில் ‘தெளிவுபடுத்தினார்’ அல்லது ‘விளக்கம் அளித்தார்’ என்று ஆகிவிடும். ‘கூறினார்’ என்பது யார் பக்கமும் சாயாது. ‘தெளிவுபடுத்தினார்’ என்று எழுதிய நொடியே, அவர் முன்பு சொன்னதும் இப்போது சொல்வதும் ஒன்றுதான், நாம்தான் தவறாகப் புரிந்துகொண்டோம் என்று செய்தியாளரே சான்று கொடுத்துவிடுகிறார். நேற்றைய பேச்சின் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். சொல்லவே இல்லை என்று மறுத்திருப்பார். அல்லது சொன்னதிலிருந்து பின்வாங்கியிருப்பார். அல்லது சொன்னதற்குப் புதிய காரணம் காட்டியிருப்பார். மறுத்தார், பின்வாங்கினார், காரணம் கூறினார் என்று மூன்றுக்கும் தமிழில் தனித்தனி வினைகள் இருக்கின்றன. நான்காவதாக, நேற்றைய சொல்லை மாற்றாமல் அதில் இருந்த ஐயத்தை மட்டும் நீக்கியிருந்தால், அந்த ஒரு செய்தியில் ‘தெளிவுபடுத்தினார்’ என்று தாராளமாக எழுதலாம்.